பதிவேட்டின் நாற்பத்தேழாம் பக்கம்

முதல் தப்பு என்னுடையது. அதை எழுதிவிட்டுத்தான் மற்றவர்கள் மேல் கோபப்பட வேண்டும்.

என் பெயர் உம்முசல்மா. பிள்ளையார்பாளையத்தில் ஒரு கிளை நூலகத்தில் பதினாறு வருடமாகப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறேன். யார் எதை எப்போது எடுத்தார், எப்போது திருப்பினார் என்பதற்கு நீளமான ஒரு பதிவேடு உண்டு. ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனிப் பக்கம்; தேதி சிவப்பு மையில், தலைப்பு நீல மையில். ஆய்வுக்கு வருகிறவர்கள் அதைப் புரட்டிப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போவார்கள். அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

போன தை மாதம் ஒரு புதன்கிழமை, சட்டைப் பையில் இரண்டு போன் வைத்திருந்த ஒருவர் உள்ளே வந்தார். கலியாணசுந்தரம் என்று பெயர் சொன்னார்.

"பொன்னின்னு ஒரு பொண்ணு இங்க வருதாமே. மினி லாரி ஓட்டற தணிகாசலம் பொண்ணு, மாகறல் பக்கம். எங்க அக்கா பையனுக்குப் பார்த்துக்கினு இருக்கிறோம். நாலு இடத்தில விசாரிக்கணும் இல்லையாம்மா?"

பெண்ணைப் பற்றிப் பால்காரரிடம் விசாரிப்பார்கள், மளிகைக் கடையில் விசாரிப்பார்கள். நூலகத்துக்கு வந்து விசாரித்தவரை நான் அதுவரை பார்த்ததில்லை. நமக்கும் ஒரு மரியாதை என்று குளிர்ந்துபோனேன்.

"தங்கமான பொண்ணுங்க. மூணு வருஷத்தில எவ்வளவு படிச்சிருக்கா தெரியுமா?" என்று நாற்பத்தேழாம் பக்கத்தை விரித்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன். இருநூற்றுப் பதின்மூன்று புத்தகங்கள். பக்கம் போதாமல் தாள் ஒட்டியிருந்தேன்.

அவர் விரலால் ஒவ்வொரு தலைப்பாகத் தடவிக்கொண்டே வந்தார். "பட்டுக் கடையில ஸ்டூல் கேட்டு லெட்டர் எழுதின பொண்ணு இதுதானா?"

"ஆமாங்க" என்றேன், அதையும் பெருமையாக.

பொன்னி ஒரு பட்டுக் கடையில் வேலை செய்கிறாள். வாடிக்கையாளர்கள் விரித்துப் போட்டுவிட்டுப் போகும் புடவைகளை மடித்து அடுக்குவது வேலை. காலை ஒன்பதரை முதல் இரவு வரை நின்றபடி. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்து சில வருடம் ஆகிவிட்டது. அந்தக் கடைக்குள் அது வரவில்லை. ஒரு நாவலில் வரும் ஆலைத் தொழிலாளிப் பெண், கால் வீங்கி வீட்டுக்குப் போகும் வழியில், 'இத்தனை நாள் ஏன் நான் கேட்கவில்லை' என்று தன்னையே கேட்டுக்கொள்வாளாம். பொன்னி அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்ததாகச் சொன்னாள். மறுவாரம் பதினொரு பெண்களிடம் கையெழுத்து வாங்கி மேனேஜரிடம் கடிதம் கொடுத்தாள். ஆறு ஸ்டூல் வந்தது.

இதை எல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோதே கலியாணசுந்தரம் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். "வீட்டில காட்டத்தான்" என்றார். நான் தடுக்கவில்லை.

அன்று சாயங்காலமே அந்தப் படம் அவர்கள் உறவினர் குழுக்களில் சுற்றியது. தலைப்பில் மனைவி, தனிமை, விடுதலை என்று வந்த இடமெல்லாம் சிவப்புக் கோடு. கூடவே அவர் குரலில் ஒரு செய்தி: "இவ்ளோ கதை படிக்கிற பொண்ணு சோறு எப்ப ஆக்கும்? இன்னிக்குக் கடையில ஸ்டூல், நாளைக்கு நம்ம வீட்ல இன்னா கேக்குமோ." சம்பந்தம் நின்றுபோனது. அதோடு விட்டார்களா? பெண் தேடுகிற மற்ற வீடுகளுக்கும் அதை அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தணிகாசலம் வந்தார். பெரிய உடம்பு, மெதுவான நடை. மகளின் உறுப்பினர் அட்டையை மேசை மேல் போட்டார்.

"இத்த கேன்சல் பண்ணும்மா."

"உட்காருங்க அண்ணே."

"உட்கார வரல. ஊர்ல இருக்கிறவன் போனுல எல்லாம் என் பொண்ணு படிச்ச லிஸ்டு ஓடுது. மளிகை லிஸ்டா அது? இனிமே அது இங்க வராது."

விதி எனக்குத் தெரியும். "உறுப்பினர் நேரில் வந்து கையெழுத்துப் போடணும் அண்ணே. நீங்க சொல்லி நான் எடுக்க முடியாது."

"அப்போ கூட்டிக்கினு வரேன்" என்று அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு இருவரும் வந்தார்கள். பொன்னி அழுவாள், நான் தேற்றலாம் என்று நினைத்திருந்தேன். அவள் முகத்தில் அழுகையே இல்லை.

"அக்கா, அந்தப் பக்கத்தை ஏன் காட்டினீங்க?"

"உனக்கு நல்லது நடக்கும்னுதான்மா. பெருமையா..."

"எத்தனை புக்குன்னு எண்ணி வச்சிருக்கீங்க. அதுல ஒண்ணாவது நீங்க படிச்சீங்களா?"

பதினாறு வருடத்தில் நான் படித்தது முதுகில் ஒட்டிய எண்களைத்தான்.

"நாற்பதாவதா எடுத்த புக்குல ஒரு தபால்காரர் வர்றார். ரொம்ப நல்ல மனுஷன். ஒரு பொண்ணுக்கு வந்த கடுதாசியை, சந்தோஷமான சேதின்னு அவ மாமியாருக்குப் படிச்சுக் காட்டுவார். அதோட அவ வாழ்க்கை போச்சு. கடைசி வரைக்கும் அவருக்கு இன்னா தப்பு பண்ணோம்னே தெரியாது. நீங்க படிச்சிருந்தா காட்டியிருக்க மாட்டீங்க அக்கா."

தணிகாசலம் இடையில் வந்தார். "அது கெடக்குது. கையெழுத்தப் போடு, போலாம்."

"போடறேன்பா. முதல்ல இவங்க எனக்கு எழுதித் தரட்டும்."

"இன்னா எழுதணும்?"

"என் பக்கத்தை என்னைக் கேக்காம வெளியாளுக்குக் காட்டினது தப்புன்னு. பேப்பர்ல, கையெழுத்தோட."

"அவங்க கவர்மென்ட் ஆளு பொன்னி" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "அவங்களையா மன்னிப்பு கேக்கச் சொல்ற?"

நான் தாளை எடுத்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள்: வாசகரின் பக்கத்தை அவர் அனுமதி இன்றிக் காட்டியது குறித்து. கடிதம் எழுதுவதில் எனக்கு ஒரு ஒழுங்கு உண்டு. அன்று மட்டும் இரண்டு தாள் கிழித்துப் போட்டேன். என் பெருமைக்காகவே காட்டினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதி இட்டேன். பொன்னி முழுக்கப் படித்துவிட்டு மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

தணிகாசலம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கேட்டா எழுதித் தராங்களா?"

"கேட்டாதான்பா தருவாங்க."

"அந்தக் கலியாணசுந்தரம் தருவானா?"

"கேட்டுப் பாக்கலாம்."

என் மேசையிலேயே அவள் எழுதினாள். படத்தை எங்கெங்கே அனுப்பினாரோ அங்கெல்லாம் அழிக்க வேண்டும், அனுப்பியது தவறு என்று அதே குழுக்களில் எழுத வேண்டும். தகப்பனார் என்ற முறையில் தணிகாசலம் கையெழுத்துப் போட்டார். அட்டையைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. அது அவர் பையிலேயே இருந்தது.

அன்று வீட்டுக்குப் போகும்போது அந்த நாற்பதாவது புத்தகத்தை என் பெயரில் எழுதி எடுத்துப் போனேன். தபால்காரர் வரும் இடத்தில் இரண்டு தடவை மூடி வைத்துவிட்டுத் திரும்பத் திறக்க வேண்டியிருந்தது.

பத்து நாள் கழித்து அப்பாவும் மகளும் மறுபடி வந்தார்கள். பதில் வந்திருந்தது, குரல் செய்தியாக. தணிகாசலம் போனை மேசையில் வைத்து ஓடவிட்டார்.

"இன்னா தணிகாசலம், சும்மா தமாசுக்கு அனுப்பினதுப்பா. இதுக்குப் போய்க் கடுதாசி கிடுதாசின்னுக்கினு. அந்தப் படத்தைப் பார்த்தாவே தெரியுதே, விடுதலை வேணும்னு புக்கு எடுத்துப் படிச்சிருக்குது உன் பொண்ணு." பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் தலை நிமிர்ந்தார்கள். பொன்னியின் காது மடல் சிவந்தது. நான் பதிவேட்டைத் திறந்தேன். பொன்னியிடம் கண்ணால் கேட்டு, அவள் தலையாட்டிய பிறகுதான் திறந்தேன். அவர் சிவப்புக் கோடு போட்ட அந்த விடுதலை, மூட்டு வலியிலிருந்து விடுதலை பெற வைத்தியம் சொல்லும் புத்தகம். போன வருடம் மழைக்காலத்தில் எடுத்தது.

தணிகாசலம் அந்த வரியைப் பார்த்தார். கை தானாகவே முழங்காலுக்குப் போனது.

"ராத்திரியில எண்ணெய் காய்ச்சித் தடவினியே, அது இதுல இருந்தா?"

"ஆமாம்பா."

"எனக்கு எடுத்ததுக்கா அவன் கோடு போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பினான்?"

அவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். வியர்வையில் ஓரம் நைந்திருந்தது. அதை மகள் பக்கம் தள்ளினார்.

"நீ போய் வேணுங்கிறதை எடு. அதுக்கு முன்னாடி பேனாவை எடு. இன்னொரு கடுதாசி எழுதணும்."

"அதேதானேப்பா எழுதணும்?"

"அதேதான். கூட ஒரு வரி சேர்த்துக்க. அந்த வலி என்னுது, அந்தப் புக்கு என்னுதுன்னு போடு. மொத வரியே அதுவா இருக்கட்டும்."