முதலில் யார் படியேறுவது

சூரியனின் விலை நாளொன்றுக்கு இரண்டு லிரா. 1909-ஆம் வருஷக் குளிர்காலத்தில் சான் ரெமோவின் எல்லா விடுதிகளிலும் அதுதான் நிலவரம். வடக்குப் பார்த்த அறைக்கு ஏழு, தெற்குப் பார்த்த அறைக்கு ஒன்பது. கட்டில், கம்பளி, சாப்பாடு எல்லாம் ஒன்றே. நடுவில் இருக்கிற வித்தியாசம் வெயில் மட்டும்தான். ஹெஸ்டர் ஓல்ட்ராய்ட் இதைக் கேட்டுவிட்டு, "மழை பெய்யற நாளைக்குக் கழிச்சுக்குவீங்கல்ல?" என்றாள். விடுதிக்காரி முப்பது வருஷமாக இங்கிலீஷ்காரர்களுக்கு வெயில் விற்றவள், இப்படியொரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கடைசியில் ஒன்றரை லிராவுக்குப் படிந்தது. யார்க்‌ஷயரில், ஹாலிஃபாக்ஸ் ஊரில், இருபத்தாறு வருஷம் துணிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தவள் ஹெஸ்டர். புருஷன் போன பிறகு கடையை விற்றுவிட்டு, இருமிக்கொண்டே இருந்த மகள் லெட்டிஸை வெயிலில் காயவைக்க இத்தாலிவரை கூட்டிவந்திருந்தாள்.

வெயில் வேலை செய்தது. நவம்பரில் வந்தார்கள். புது வருஷம் பிறப்பதற்குள் இருமல் நின்று, லெட்டிஸின் கன்னத்தில் கொஞ்சம் சதையும் பிடித்து, மருந்து கொடுத்த டாக்டர் எத்தோரே செமேரியா பெண்ணும் கேட்டுவிட்டார். இருமல் நின்ற பிறகும் அவர் காசு வாங்காமல் நாடி பார்க்க வந்தபோதே ஹெஸ்டர் உஷாராகிவிட்டாள். சும்மா கொடுக்கிறவன் வேறு எதிலோ விலையை ஏற்றி வைத்திருப்பான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் முகத்தில் அடித்த மாதிரி மாட்டேன் என்று சொல்லவில்லை. "பெரியவங்க முதல்ல ஒருத்தரை ஒருத்தர் பார்க்கட்டும்" என்றாள். டாக்டர் முகம் மலர்ந்து, "எங்கம்மா காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். அதோடு ஐந்து வாரம் போயிற்று. மேட்டிலிருந்த செமேரியா வீட்டிலிருந்து ஒரு ஈ காக்கைகூடக் கீழே இறங்கி வரவில்லை.

ஊரில் இருக்கிறவர்கள்தான் புதிதாக வந்தவர்களை முதலில் தேடி வரவேண்டும். வந்து, தன் பெயர் அச்சடித்த கார்டு கொடுத்து, கால்மணி நேரம் உட்கார்ந்து, வானிலை பேசிவிட்டுப் போகவேண்டும். இங்கிலாந்தில் இது பிறக்கும்போதே சிலருக்குத் தெரியும். ஹெஸ்டர் அதை விலை கொடுத்துத் தெரிந்துகொண்டாள். கடையில் நல்ல வரும்படி வந்து, பணக்காரர் தெருவில் வீடு வாங்கிக் குடிபோன முதல் வாரம், அவளே பிளம் கேக் சுட்டுத் தட்டில் வைத்து, மேல் துணி போர்த்தி, பக்கத்து வீட்டு மில் முதலாளியம்மாவைப் பார்க்கப் போனாள். வாசலில் வேலைக்காரன், அம்மா வீட்டில் இல்லை என்றான். மாடி ஜன்னலில் அம்மா நின்று அவளுடைய கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து எவர் வீட்டுப் படியையும் ஹெஸ்டர் முதலில் மிதித்ததில்லை. பரம்பரைப் பணக்காரிகள்கூட அவ்வப்போது இந்த விதியைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்வார்கள், ஹெஸ்டருக்கு அது கூடிவரவில்லை. போதாக்குறைக்கு வியாபாரப் புத்தியும் அதையே சொன்னது. முதலில் வாய் திறந்து விலை சொல்கிறவன் கதை அதோடு முடிந்தது.

ஆகவே மேட்டு வீட்டின் மௌனத்தை அவள் துணியைப் புரட்டுவதுபோலப் புரட்டிப் பார்த்தாள். வீடு அடமானத்தில் இருக்கலாம். டாக்டருக்கு வேறு ஊரில் ஒரு பெண்டாட்டி இருக்கலாம். கடை விற்ற பணம் எவ்வளவு என்று வங்கியில் விசாரித்துக்கொண்டிருக்கலாம். ஒன்றும் இல்லாவிட்டால், துணிக்கடைக்காரி என்று தெரிந்து மூக்கைச் சுளித்திருக்கலாம். நாலாவதுதான் அவளை ராத்திரியில் புரளவைத்தது.

இந்தச் சந்தேகங்களுக்கெல்லாம் எண்ணெய் ஊற்ற ஆள் இருந்தது. மிஸ் தோர்ன்ஹில், ஒரு பிஷப்பின் தங்கை மகள், பதினொரு குளிர்காலமாக இதே விடுதியில் இருப்பவள். வடக்கு அறைதான் அவளுக்குக் கட்டுப்படியாயிற்று. அதனால் மத்தியானம் சாப்பிட்டதும் ஹெஸ்டரின் அறைக்கு வந்து, ஜன்னலோர நாற்காலியில் சால்வையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, வெயில் சாயும்வரை உட்கார்ந்திருப்பாள். மேல்தட்டுக்காரி ஒருத்தி தன்னைச் சிநேகிதி என்று சொன்னது ஹெஸ்டருக்கு வாழ்க்கையில் இதுதான் முதல்முறை. தேநீரும் பிஸ்கட்டும் அவள் செலவு.

"இன்னும் அவங்க வரலையா?" என்றாள் மிஸ் தோர்ன்ஹில், அந்தப் புதன்கிழமை.

"எங்க வந்தாங்க? பையன் மட்டும் வந்து தோட்டத்துல நின்னு சிரிச்சுட்டுப் போறான்."

"பழைய குடும்பம். பழைய குடும்பம்னா உள்ளுக்குள்ள எவ்வளவோ இருக்கும். நமக்கெதுக்கு?"

"நீங்க அந்த வீட்டுக்குப் போயிருக்கீங்களா?"

"அந்த மேட்டை ஏற எனக்கு மூச்சு வேணுமே, மிஸஸ் ஓல்ட்ராய்ட்!"

ஹெஸ்டர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "நாமளே ஒரு நடை போய்ப் பார்த்தா என்ன?" என்றாள்.

மிஸ் தோர்ன்ஹில் கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். "பொண்ணு வீட்டுக்காரங்களே போய் வாசல்ல நிக்கிறதா? உங்களை என்னன்னு நினைப்பாங்க?"

ஹெஸ்டரின் கைகளில் பழைய கேக் தட்டு மறுபடி கனத்தது. அதோடு பேச்சை விட்டுவிட்டாள்.

சாயங்காலம் லெட்டிஸ் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள். "எத்தோரே சனிக்கிழமை டூரின் போறார். ஆஸ்பத்திரில வேலை கிடைச்சிருக்கு. அதுக்குள்ள ரெண்டு வீடும் பேசலைன்னா தனியா போறேங்கறார். போனா அதோட சரி."

"போறவன் போகட்டும். உங்கம்மாவைப் பார்க்க என் அம்மா வருவாங்கன்னு ஒரு வார்த்தை சொல்றானா?"

"அவங்க காத்துக்கிட்டு இருக்காங்கன்னுதான் தினமும் சொல்றார்."

"எதுக்குடி காத்துக்கிட்டு இருக்காங்க? நான் போய்க் கும்பிடு போடறதுக்கா?"

"அம்மா, இது கடை இல்ல. நான் துணி இல்ல." லெட்டிஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஹெஸ்டர் பதிலுக்குக் கத்தியிருப்பாள். "எனக்கு இருபத்தேழு வயசு. ஹாலிஃபாக்ஸ் புகையில திரும்ப ஒரு குளிர்காலம் இருந்தேன்னா, அப்புறம் நீ யார்கிட்ட பேரம் பேசுவே?"

மறுநாள் காலை ஹெஸ்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். இது போய்ப் பார்ப்பது ஆகாது, வெறும் சரக்குப் பரிசோதனை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். வளைந்து வளைந்து ஏறும் சந்தில் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். வீடு உயரமாக, சாயம் வெளுத்துப்போய் நின்றது. அவள் வாசலைப் பார்க்கவில்லை. நேராகக் கொல்லைப்பக்கம் போய்க் கொடியைப் பார்த்தாள். கடனில் இருக்கிற வீடு முன்ஜன்னலுக்குப் புதுத் திரை வாங்கும், படுக்கை விரிப்பைத் தைக்காது. இங்கே திரைகள் நைந்திருந்தன. கொடியில் கிடந்த விரிப்புகளோ கனமான நல்ல லினன். கிழிந்த இடங்களில், தையல் கண்ணுக்கே தெரியாதபடி ஊசி ஓடியிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு முனையை விரலால் தேய்த்தாள். அடமானச் சந்தேகம் அங்கேயே போயிற்று. வீட்டுக்கு வெளியே யாரும் பார்க்காத இடத்தில் இவ்வளவு நேர்மையாகத் தைக்கிறவளிடம் மற்றச் சந்தேகங்களும் கொஞ்சம் தள்ளாடின.

திரும்பும்போது முன்கதவு திறந்திருந்தது. வேலைக்காரப் பெண் அவளைக் கண்டதும், ஏதோ நெடுநாள் எதிர்பார்த்த தபால் வந்தமாதிரி உள்ளே ஓடி, பீங்கான் கிண்ணம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நீட்டினாள். கிண்ணம் நிறையக் கார்டுகள். விடுதிச் சாப்பாட்டு மேஜையில் தினமும் தன்னோடு உட்கார்கிற கர்னல் வீட்டம்மா, ரெண்டு பாதிரியார் தங்கைகள், போன மாதம் வந்த பல்வலிக்காரி, ஒருத்தர் விடாமல் எல்லார் பெயரும் அதில் இருந்தது. அடியில் பழுப்பேறிய கார்டு ஒன்று, மேலே பளிச்சென்று புதிது ஒன்று. இரண்டிலும் மிஸ் தோர்ன்ஹில்.

படியிறங்கி வந்த டாக்டர் அப்படியே நின்றார். "வந்துட்டீங்களா, சினியோரா!"

"வரலை. வழி தவறிட்டேன்." அவள் கிண்ணத்தைக் காட்டினாள். "இவங்கல்லாம் எப்ப வந்தாங்க?"

"ஊருக்கு வந்த முதல் மாசமே. இங்கே புதுசா வந்தவங்கதான் முதல்ல பெரிய வீடுகளைப் பார்க்க வருவாங்க. அதுதான் வழக்கம். நாங்க இறங்கி வந்தா உங்க மேல ஏதோ உரிமை கொண்டாடற மாதிரி ஆயிடும்." அவர் குழம்பிப்போய்ப் பார்த்தார். "மிஸ் தோர்ன்ஹில் சொல்லலையா? நான் நேரா கேட்டா மரியாதையா இருக்காதுன்னு அவங்ககிட்ட ரெண்டு தடவை சொல்லி அனுப்பினேனே."

"அவங்க என்ன சொன்னாங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "சொல்லிப் பார்த்துட்டேன், அந்தம்மா வரமாட்டேங்குறாங்கன்னு."

ஹெஸ்டர் அவர் முகத்தையும் புரட்டிப் பார்த்தாள். பொய் சொல்கிறவன் கொஞ்சம் அதிகமாகப் பேசுவான். இவர் அதோடு நிறுத்திக்கொண்டார். அந்தப் பதினொரு குளிர்காலத்து மூச்சுத்திணறல்காரி இந்த மேட்டை இரண்டு தடவையாவது ஏறியிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை? துணிக்கடைக்காரிக்கு இதெல்லாம் தெரியவேண்டாம் என்றா? இங்கிலீஷ் பெண் இத்தாலிக்காரனுக்கா என்றா? இல்லை, மகள் போனால் தாயும் அறையைக் காலி பண்ணிவிடுவாள், மத்தியான வெயில் போய்விடும் என்றா? கடைசிக் காரணமாக இருந்தால் மன்னித்துக்கூட விடலாம். ஐந்து வாரம் கதவுக்கு வெளியே நிற்கிறவர்களை உற்று உற்றுப் பார்த்தாள். திருடனைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கைப்பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தாள். அதைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, டாக்டர் கை கொடுக்க வந்ததைக் கவனிக்காமல் தானே படியேறினாள்.

மாடியில் கறுப்பு உடையில் ஒரு குட்டையான அம்மாள், கிட்டத்தட்ட அவள் வயசு. மேஜையில் மெல்லிய தங்க விளிம்பு வைத்த நாலு கோப்பைகள் கவிழ்த்திருந்தன. சினியோரா செமேரியா எழுந்திருக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. கண் மட்டும் ஹெஸ்டரின் மேலங்கித் துணியை விலை போட்டது. ஹெஸ்டரும் மேஜை விரிப்பை விலை போட்டு முடித்தாள். டாக்டர் மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். அவருடைய அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

அந்த அம்மாள் கோப்பைகளைச் சுட்டிக்காட்டினாள், எடுத்து வைப்பதுபோலவும் திரும்ப அடுக்குவதுபோலவும் கையால் காட்டினாள். "ஜியோவெதி" என்றாள். வியாழக்கிழமை என்று மகன் மெதுவாகச் சொன்னார். வியாழன்தோறும் அம்மா விருந்தாளிக்காக வீட்டிலிருக்கும் நாள். அவள் ஐந்து விரலையும் விரித்து, ஹெஸ்டரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

வியாபாரத்தில் இந்த மொழிக்கு அகராதி தேவையில்லை. வீணாய்ப் போன ஐந்து வியாழனுக்கும் ஐந்து தடவை படியேறி வரவேண்டும் என்கிறாள். ஹெஸ்டர் கையுறையைக் கழற்றினாள். ஒரே ஒரு விரலை உயர்த்தினாள்.

அந்த அம்மாள் அதை நெடுநேரம் பார்த்தாள். பிறகு, கையை இறக்காமலே, பெருவிரலை மட்டும் மடக்கினாள். மற்ற நான்கும் அப்படியே நின்றன.