இறால் தராசில் ஏறிய குழந்தை

கோட்டைக்குப்பத்துப் பச்சையம்மா வாயைத் திறந்தால் ஏரியில் நிற்கிற கொக்கும் எழுந்து போய்விடும். அப்பேர்ப்பட்டவள், 1982-இல் ஏழு மாதச் சூலியாக இடுப்பளவு தண்ணீரில் கையால் இறால் தடவிப் பிடித்த நாட்களில், ஒன்றை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நீர்க்கடுப்பு. ஆம்பளைகள் காதில் விழுகிற மாதிரி அதை எப்படிச் சொல்வது? சூடு என்று இளநீர் குடித்தாள். குளிர்க்காய்ச்சல் வந்தபோது மழையில் நனைந்தேன் என்று புளுகினாள். காய்ச்சலோடு பிரசவ வலியும் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் பிறந்த பெண் குழந்தை உள்ளங்கையில் அடங்கியது. மூச்சு திணறியது, பாலைச் சப்பத் தெரியவில்லை. ஒரு மாதம் கண்ணாடிப் பெட்டிதான் அதற்கு வீடு.

“மூத்திரத்துல கிருமி. அப்பவே சொல்லியிருந்தா மாத்திரையிலயே போயிருக்கும்” என்றார் டாக்டரம்மா. வீட்டுக்கு அனுப்பும்போது எடை ஒரு கிலோ அறுநூறு. “நெஞ்சோட அணைச்சே வச்சிருங்க. எடை குறைஞ்சா உடனே தூக்கிட்டு வாங்க.”

அணைக்கிற வேலையைப் புருஷன் நீலமேகமும் பங்கு போட்டுக்கொண்டான். வலை இழுக்கிற ஆள், சட்டைக்குள் பிள்ளையை விட்டுக்கொண்டு கோழி மாதிரி அடை உட்கார்ந்தான். குப்பமே சிரித்தது. எடை ஏறியதா என்று பார்க்காமல் நாலு நாள்தான் பொறுத்தான். ஐந்தாம் நாள் குழந்தையைத் தூளியோடு கொண்டுபோய் இறால் ஏஜெண்ட் வரதனின் கொட்டகையில், ஆள் இல்லாத நேரம் பார்த்து, தராசுக் கொக்கியில் மாட்டினான். முள் ஒரு கிலோ முந்நூற்று அறுபதில் நின்றது.

அவன் வந்து சொன்னதும் பச்சையம்மா குழந்தையைப் பிடுங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். “நாந்தான்யா கொன்னுட்டேன். வாயத் தொறந்து சொல்லாம வுட்டேனே” என்று அழுதாள். ஓட்டமும் நடையுமாகப் பழவேற்காட்டு நர்ஸ் கரீமா வீட்டுக்குப் போனார்கள்.

கரீமா தன் தராசில் குழந்தையைக் கிடத்தினாள். “ஒண்ணு எழுநூறு. நூறு கிராம் ஏறிக்கிது. கொறஞ்சிச்சுன்னு எவன் சொன்னான்?”

பச்சையம்மா அழுதுகொண்டே சிரித்தாள். திரும்பும் வழியில் சட்டென்று நின்றாள்.

“இன்னாய்யா, அப்ப வரதன் தராசுல முந்நூத்தி நாப்பது கிராம் எங்க போச்சு?”

ஏழு வருஷமாகக் குப்பத்து இறால் முழுக்க அந்தக் கொக்கியில்தான் தொங்கியது.

மறுநாள் காலை, கூடைகளோடு ஊரே வரிசையில் நிற்க, பச்சையம்மா முன்னால் போனாள். கூடவே கரீமாவும், அவள் தராசும்.

“மொதல்ல எம்பொண்ணப் போடுண்ணே.”

வரதன் மழுப்பிப் பார்த்தான். ஊர் விடவில்லை. அவன் தராசில் மறுபடியும் அதே முந்நூற்று அறுபது. கரீமாவின் தராசில் எழுநூறு. எல்லோரும் வரதனையே பார்த்தார்கள்.

பச்சையம்மா குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு, அத்தனை ஆம்பளைகளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“எனுக்கு நீர்க்கடுப்பு இருந்திச்சு. வெக்கத்துல மறச்சேன், கொறமாசத்துல பெத்தேன். நான் சொல்லிட்டேன். நீ இன்னாத்த மறச்சேன்னு சொல்லுண்ணே.”