இரண்டாவது சூடு

அடுப்பில் பழுக்கக் காய்ந்துகொண்டிருந்த சூட்டுக்கோலின் மேல் அம்பிகா ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். புஸ்ஸென்று கிளம்பிய சாம்பல், சூடு போட வந்திருந்த பச்சியப்பனின் வெள்ளை வேட்டியில் படிந்தது.

"என்னா புள்ள இது? வூட்டுக்கு வந்த மனுசன..." என்று அவள் கணவன் மாதேஸ் பதறி எழுந்தான்.

"காப்பி வேணும்னா போட்டுத் தரேங்க. சூடு மட்டும் போட உட மாட்டேன்."

வாசல் புங்க மரத்தடியில் ராஜா மூச்சு வாங்கிக் கிடந்தான். தக்காளித் தோட்டத்துக்குள் ஒரு காட்டுப்பன்றியைக்கூட அண்டவிடாத நாய். மூன்று மாதமாகப் பின்னங்கால்கள் விளங்கவில்லை. யாரோ அடித்துவிட்டார்கள் என்றது ஊர். வாதம் என்ற பச்சியப்பன், போன வாரம் மாட்டுக்குப் போடுவதுபோல இடுப்பில் ஒரு சூடு இழுத்தார். ராஜா முனகக்கூட இல்லை. "சிங்கம்டா!" என்று எல்லோரும் மெச்சினார்கள். அம்பிகா மட்டும் மெச்சவில்லை. ஈ உட்கார்ந்தாலே சிலுப்பிக்கொள்கிற நாய் அது.

மறுநாளே தக்காளி டெம்போவில் ஏற்றி நாமக்கல் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "தண்டுவடத்துல கட்டிங்க. நல்லா முத்திப்போச்சு. இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்ல" என்றார். சிங்கமும் இல்லை, வீரமும் இல்லை. ஊர் மெச்சியதை நினைத்தால் இப்போதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பச்சியப்பன் வேட்டியைத் தட்டினார். "மொத சூடு கொஞ்சம் கீழ வுழுந்துருச்சு. தோள்பட்டைல ஒண்ணு இழுத்தா எந்திரிச்சிரும்."

"தோள்ல அவனுக்கு வலிக்கும் மாமா. சாகறவன நோகாம சாக உடுங்க."

"நாய்க்குப் போயி இவ்ளோ பேச்சா?"

"நாய்க்குத்தான்."

அவர் கோலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்பிகா மரத்தடியில் உட்கார்ந்து ராஜாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். உச்சி வெயில் சாய்வதற்குள் அவன் முன்னங்கால்களை ஒருமுறை நீட்டினான். அவ்வளவுதான். அவள் வாய்விட்டு அழுதாள். யார் கேட்டால் என்ன என்றிருந்தது.

மாதேஸ் கயிற்றோடு வந்தான். செத்த நாயின் காலில் கயிறு கட்டி ஏரிக்கரை முள்ளுக்காட்டுக்கு இழுத்துப் போய்ப் போடுவதுதான் அந்த ஊர் வழக்கம்.

"பின்பக்கமா இழுத்துட்டுப் போயிர்றேன். யாரும் பாக்க மாட்டாங்க."

"மூணு மாசமா பின்னங்கால இழுத்துக்கிட்டுத்தான கெடந்தான்? செத்தும் இழுக்கணுமா?"

பழைய சேலையொன்றில் கிடத்தி, இரண்டு கைகளாலும் தூக்கினாள். இளைத்துப்போயிருந்தும் கனத்தான். பின்பக்கச் சந்து வழியை விட்டுவிட்டு நடுத்தெருவில் இறங்கி நடந்தாள்.

டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசைக் கையில் பிடித்தபடி பார்த்தார்கள். "என்னாம்மா இது, நாயப் போயி..." என்று ஒருவர் சிரித்தார்.

"எங்க வூட்டு நாய்ங்க. எங்க தோட்டத்துல பொதைக்கப் போறேன். கொஞ்சம் வழி உடுங்க."

சிரித்தவர் காலை மடக்கிக்கொண்டார். பின்னால் மாதேஸ் மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்தான்.

சேலைக்கு வெளியே ராஜாவின் பின்னங்கால்கள் தொங்கி ஆடின, தரையில் படாமல்.