ஏழு கோடுகளும் படுத்த இடம்

கோடு படுத்துவிட்டது.

ஒன்று அல்ல, ஏழும். திரையில் மாடிப்படி போல இறங்கிக்கொண்டிருந்த ஏழு கோடுகளும் ஓரிடம் வந்ததும், பேசி வைத்துக்கொண்ட மாதிரி நீட்டிப் படுத்துவிட்டன. கணக்கம்மா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். வைரஸைத் தொட்டதே கிடையாது. அந்தக் கூட்டம் எப்படிப் பெருகும், எப்படி உருமாறும், எப்போது நொடித்துப் போகும் என்று கம்ப்யூட்டரில் மாடல் போட்டுச் சொல்வது அவள் வேலை. தொட்டுச் செய்கிறவள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தாள். சொந்த அண்ணி.

அண்ணி தட்டில் பாக்டீரியாவைப் பாலாடை போலப் படரவிட்டு, அதில் வைரஸைக் கலந்துவிடுவாள். வைரஸ் தின்ற இடமெல்லாம் ஓட்டை விழும். ஒரே ஒரு ஓட்டையிலிருந்து எடுத்து அடுத்த தட்டுக்கு, அதிலிருந்து ஒன்று அதற்கடுத்த தட்டுக்கு. நகலுக்கு நகல் எடுத்தால் எழுத்து மங்குகிற மாதிரி, பிழை சேர்ந்து சேர்ந்து வைரஸ் நோஞ்சானாக வேண்டும், ஓட்டையும் சிறுத்துக்கொண்டே போக வேண்டும். மாடல் அப்படித்தான் சொன்னது. பாதி தூரம் அப்படியே நடந்தது. அப்புறம்தான் இந்தப் படுக்கை.

இயக்குநர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, உன் மாடல் கவுந்துடுச்சாமே? மதியம் மீட்டிங். காரணம் சொல்லு. இல்லன்னா இந்த வேலையை மூடிட்டு ரூமை வேற யாருக்காவது குடுத்துடறேன்."

"காரணம் இருக்கு சார்."

"என்ன?"

"அதைத்தான் தேடறேன்."

அவர் சிரிக்கவில்லை. போய்விட்டார்.

கணக்கம்மா திரையையே முறைத்தாள். ஒவ்வொரு கோடும் ஒரு வைரஸ் வம்சத்தின் ஓட்டை அளவு; ஏழும் வேறு வேறு வம்சம். ஏழு வீட்டுப் பிள்ளைகள் ஒரே உயரத்தில் வளர்ச்சியை நிறுத்துவார்களா என்ன? அப்படியானால் அந்த எல்லை வைரஸில் இல்லை. ஏழுக்கும் பொதுவான எதிலோ இருக்கிறது. இன்குபேட்டரா? சூடு இம்மி பிசகவில்லை. பாக்டீரியாவா? அதைப் புதிதாக மாற்றியும் கோடு அசையவில்லை.

சும்மா பார்ப்போமே என்று மாடலில் ஒரு வரி சேர்த்தாள். ஓட்டை இந்த அளவைவிடச் சின்னதா, எடுக்காதே. ஓடவிட்டாள்.

கோடு இறங்கியது. அச்சு அசலாக அதே இடத்தில் படுத்தது.

அப்படியானால் சின்னதையெல்லாம் எடுக்காமல் விடுவது யார்?

தடுப்பைத் தாண்டிப் போய் நின்றாள். தட்டின் அடியில் மையால் ஒரு புள்ளி இருக்கும். அந்தப் புள்ளிக்கு மிக அருகில் உள்ள ஓட்டையைத்தான் எடுக்க வேண்டும், பிடித்ததை எடுக்கக் கூடாது. அது விதி. அண்ணி தட்டைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, புருவத்தை உயர்த்தி, ஓர் ஓட்டையில் குச்சியை வைத்தாள். கணக்கம்மா மொபைலில் அந்தத் தட்டைப் படமெடுத்துப் பெரிதாக்கினாள்.

புள்ளியை ஒட்டியே ஊசிமுனை அளவில் நாலைந்து ஓட்டைகள். அண்ணி அத்தனையையும் தாண்டிப் போயிருந்தாள்.

"அண்ணி, கடைசியா எப்ப கண் டெஸ்ட் பண்ணீங்க?"

"ஏன்டி? உங்க அண்ணன் மாதிரி மூக்குல ஒண்ணு, தலையில ஒண்ணு மாட்டிக்கிட்டு மூணாவது கண்ணாடியைத் தேடற ஆளா நான்?"

"இந்தப் படத்தைக் கொஞ்சம் பாருங்களேன்."

"உன் மாடல் தப்பாப் போச்சுன்னா என் கண்ணுல கை வைப்பியா? நாத்தனார் புத்தி!"

"திட்டறதை அப்புறம் திட்டுங்க. முதல்ல மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாருங்க."

அண்ணி வெடுக்கென்று தட்டைக் கொண்டுபோய் வைத்தாள். குனிந்தாள். நிமிரவே இல்லை.

"அடிப்பாவிகளா..." என்றாள் கடைசியில். திட்டு நாத்தனாருக்கு இல்லை. "இத்தனை பேர் இங்கதான் இருந்தீங்களா?"

"மீட்டிங்ல என்ன சொல்றது அண்ணி? மாடல்லதான் தப்புன்னு வேணும்னா..."

"வாயை மூடு."

இயக்குநர் உள்ளே வந்தார். கணக்கம்மா வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள். "சார், இவ கணக்கு சரி. வைரஸ் நிக்கல, என் கண்ணுதான் நின்னுடுச்சு. சின்னதையெல்லாம் விட்டுட்டுத் தெம்பானதையே பொறுக்கி எடுத்து வளர்த்திருக்கேன்."

"அப்ப ரெண்டு வருஷ வேலையும் போச்சா?" என்றார் அவர்.

"கோடு இறங்கற வரைக்கும் எல்லாம் நிஜம் சார்" என்றாள் கணக்கம்மா. "ஒவ்வொரு தட்டோட சாம்பிளும் ஃப்ரீசர்ல இருக்கு. படுத்த இடத்துலேர்ந்து திரும்ப ஆரம்பிக்கலாம்."

இயக்குநர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். வெகு நேரம் பார்த்தார். "கோடு இன்னும் எவ்வளவு கீழ போகும்? உன் மாடல் என்ன சொல்லுது?"

ரூம் தப்பிவிட்டது என்று கணக்கம்மாவுக்குப் புரிந்தது. பதில் நாக்கு நுனியில் இருந்தது. அண்ணி புதிய தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"என் காதுல விழற மாதிரி சொல்லிடாதே. அப்புறம் என் கண்ணு அந்த அளவையே தேட ஆரம்பிச்சுடும். வெளியில போய்ச் சொல்லு, போ."