பாதிப்பு இல்லை

விபத்து நடந்த பதினொன்றாம் நாள் விமான நிலைய நிர்வாகத்துக்கு இரக்கம் வந்தது. மூன்று பக்கப் படிவமாக வந்தது. கடைசிக் கேள்வி: “மனத்தில் பாதிப்பு உண்டா? ஆம் / இல்லை.” ஆம் என்றால் வேலை செய்யும் உரிமத்தைப் பிடுங்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், எப்போது திரும்பக் கிடைக்கும் என்று எவனுக்கும் தெரியாது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் பதினான்கு பேரும் ‘இல்லை’ போட்டார்கள். மேலாளர் உச்சி குளிர்ந்து, ‘நூற்றுக்கு நூறு மன உறுதி’ என்று பலகையில் ஒட்டினார்.

‘ஒட்டகம்’ என்று எல்லோரும் கூப்பிடும் நெட்டைக் கட்டுப்பாட்டாளரும் ‘இல்லை’ போட்டவர்தான். விழுந்து நொறுங்கிய அந்த விமானத்தோடு கடைசியாகப் பேசியவர் அவரே. “இன்ஜின் போச்சு, திரும்பி வர்றோம்” என்றார் விமானி. “வலது பக்கம் திரும்புங்க, ஓடுபாதை காலியா இருக்கு” என்றார் இவர். சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்; தொழில் வழக்கம் அது. அந்தப் பதில் வரவே இல்லை. இவர்மேல் தப்பில்லை என்று விசாரணைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கும் காது அதைக் கேட்டால்தானே?

இப்போதெல்லாம் வீட்டிலும் அதே பாடு.

“வர லேட்டாகும், கதவைப் பூட்டிக்கோ.”

“சரிங்க” என்றாள் மனைவி.

“நான் என்ன சொன்னேன், சொல்லு.”

“லேட்டாகும், பூட்டிக்கணும். உங்களுக்கு என்னதான் ஆச்சு?”

“ஒண்ணும் இல்லையே.”

அன்று காலை வேலைக்குப் போய் ஹெட்செட்டை மாட்டினார். முதல் விமானம் மேலே ஏறியது. “வலது பக்கம் திரும்புங்க” என்றார். விமானி சுத்தமாகத் திருப்பிச் சொன்னார்.

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

சொன்னார்.

“இன்னொரு தடவை.”

மேலாளர் பின்னால் நின்று கனைத்தார். விமானியின் குரல் தணிந்தது. “வலது பக்கம் திரும்புறேன் சார். திரும்பிட்டேன், பத்திரமா இருக்கேன். எங்க ஆபீஸ்லயும் அந்தப் படிவம் வந்துச்சு. நானும் இல்லைன்னுதான் போட்டேன்.”

ஒட்டகம் ஹெட்செட்டைக் கழற்றினார். பக்கத்தில் இருந்தவரிடம் இருக்கையை ஒப்படைத்துவிட்டு எழுந்தார்.

“சார், என் படிவத்தைக் குடுங்க. ஆம்னு மாத்தணும்.”

“உரிமம் போயிடும்பா.”

“தெரியும் சார்.”

மேலாளர் பலகையைப் பார்த்தார். “நூத்துக்கு நூறும் போயிடுமே. ஒரு வாரம் கழிச்சுப் பாப்போம், என்ன?”

ஒட்டகம் நகரவில்லை. “நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க சார்.”

கோபுரத்தில் மற்றவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஆம்னு மாத்தணும்” என்றார் மேலாளர்.