ஊசிமுனை ரத்தம்

காலைக் கஞ்சி முடிந்து தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்த கையோடு, சித்தூரில் இருந்த அந்தச் சிறையின் முற்றத்தில் ஒரு மேசை போட்டார்கள். மேசைமேல் ஸ்பிரிட் அடுப்பு, அதில் கொதிக்கும் ஊசிகள், பக்கத்தில் வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள். கைதிகளில் யாருக்காவது தாசி வீட்டுச் சகவாசத்தில் ஒட்டும் மேக வியாதி இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்க்க டாக்டர் நாகபூஷணம் வந்திருந்தார். ஆந்திர ராஜ்யம் பிறந்து மூன்றாவது வருஷம் அது. திருட்டு, சாராயம், அடிதடி என்று வந்தவர்களோடு, சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் ஊர்களைத் தமிழர் ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி நடந்த எல்லைப் போராட்டத்தில் மறியல் செய்து பிடிபட்ட தமிழர்கள் இருபது பேரும் அதே முற்றத்தில்தான் இருந்தார்கள்.

டாக்டர் தெலுங்குக்காரர். ஆனாலும் சித்தூரில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவருக்குத் தமிழ் வராமல் போகுமா?

"பயம் ஒத்து, பயப்பட வேணாம். சின்ன ஊசி, அவ்வளவுதான். யாருக்கு இருந்தாலும் தனியா கூப்ட்டு சொல்றேன், வெளிய தெரியாது. பெனிசிலின் போட்டா போயிடும். பெண்சாதிக்கும் சேத்துப் போடணும். போடலேன்னா பிள்ளைங்க வயித்துலயே செத்துப்போகும் பாபு. ஒண்ணு போனா அடுத்ததும் போகும்."

அந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டதும் உமாபதி நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தான்.

உமாபதி நகரியில் தறி நெய்கிறவன். போராட்டக்காரர்களுக்கு அவன்தான் தலைவன் மாதிரி. "ரத்தம் கொடுத்தும் எல்லையை மீட்போம்!" என்று அவன் கோஷம் போட்டால் கடைவீதி நின்று கேட்கும். அவனுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம். முதல் பிள்ளை செத்தே பிறந்தது. இரண்டாவது பத்து நாள் இருந்துவிட்டுப் போனது. 'ராசியில்லாத வயிறு' என்று அவன் அம்மா மருமகள் அம்சவேணியைக் கரித்துக்கொட்டுவாள். இப்போது அம்சவேணிக்கு ஐந்து மாசம்.

கல்யாணத்துக்கு முந்தின வருஷம் உமாபதி சேலை மூட்டையோடு பட்டணத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தான். அங்கே போகக்கூடாத வீட்டுக்கு ஒருநாள் போனான். அப்புறம் ஒரு புண் வந்தது. மருந்துக்காரன் ஒருவன் கொடுத்த லேகியத்தைத் தின்றான். புண் ஆறிவிட்டது, அதோடு தொலைந்தது என்று நினைத்தான். இப்போது டாக்டர் சொன்னதைக் கேட்டதும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிய மனுஷன் கையை நீட்டியிருக்க வேண்டும். நம்மாள் என்ன செய்தான் தெரியுமா? எழுந்து நின்று கோஷம் போட்டான்.

"இன்னா சார் இது? எல்லைக்காக ஜெயிலுக்கு வந்தவங்க நாங்க. தாசி வூட்ல புடிபட்டா வந்தோம்? எங்கள கேவலப்படுத்தறதுக்கே இந்த ஊசிய எடுத்துகினு வந்துகிறீங்க! ஒருத்தரும் கைய நீட்டாதீங்க!"

வடமாலபேட்டை முனிசாமி சைக்கிள் திருடி வந்தவன். வரிசையில் முதல் ஆளாகச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றவன், "அண்ணனே வாணான்னா எனக்கு மட்டும் இன்னாத்துக்கு?" என்று சுருட்டியதை இறக்கிவிட்டான். தெலுங்குக் கைதிகளும் உட்கார்ந்துவிட்டார்கள். எல்லை விஷயத்தில் ஒருநாளும் ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

டாக்டர் குழாய்களைக் காலியாகவே பெட்டியில் அடுக்கினார். போகிறபோது உமாபதியின் பக்கத்தில் வந்து, "நீங்க மட்டுமாவது தனியா வாங்க பாபு" என்றார். இத்தனை ஆத்திரம் எங்கேயிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியாதா என்ன? உமாபதி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை அம்சவேணி முறுக்குப் பொட்டலத்தோடு பார்க்க வந்தாள்.

"யாரோ டாக்டர் வந்தாராமே, நீ தொரத்திட்டியாமே?"

"எங்கள அசிங்கப்படுத்தப் பாத்தாங்க. உட்ருவமா?"

அவள் பெருமையாகச் சிரித்தாள். பிறகு கம்பிக்குள் விரலை விட்டு அவன் கையைத் தொட்டாள். "இதுவாச்சும் தங்கணும்னு கரியமாணிக்கப் பெருமாளுக்கு வேண்டிக்கினு கீறேன். இப்பலாம் நல்லா எட்டி ஒதைக்குது தெரியுமா?"

உண்மையைச் சொல்ல அவன் வாயெடுத்தான். பிறகு முறுக்குப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "ஜாக்கிரதையா போ" என்றான். அன்றைக்குச் சொல்லியிருந்தாலும் காலம் கடந்திருக்காது. ஐயோ, சொல்லவில்லையே!

விடுதலையானபோது நகரியில் மாலை போட்டு மேளத்தோடு அழைத்துப் போனார்கள். இரண்டு மாசம் கழித்து, வயிற்றில் அசைவில்லை என்று அம்சவேணியைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். செத்த பிள்ளையைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள். ஆண் பிள்ளை. அங்கிருந்த பெண் டாக்டர், புருஷன் பெண்சாதி இருவரின் ரத்தத்தையும் சோதித்தார். இரண்டிலும் நோய் இருந்தது.

உமாபதி கட்டிலருகில் உட்கார்ந்து, பட்டணத்தில் நடந்ததையும் சிறையில் நடந்ததையும் ஒன்று விடாமல் சொன்னான். அவள் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அந்த ஊசிய அன்னிக்கே போட்டிருந்தா இது பொழச்சிருக்குமா?"

"பொழச்சிருக்கும்னுதான் சொல்றாங்க."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "எல்லைக்கு ரத்தம் குடுக்கறேன்னு ஊரெல்லாம் கூவிக்கினு இருந்தியே. உன் புள்ளைக்கு ஊசி மொனையளவு ரத்தம் குடுக்க மனசு வரலியே."

அவள் அழவில்லை. அவன்தான் அழுதான்.

இருவருக்கும் ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் உமாபதி தன் அம்மாவிடம், "அவ வயித்து மேல குத்தமில்லமா. நான்தான் மூணையும் சாவடிச்சேன்" என்றான். அதற்கப்புறம் அந்த வீட்டில் ராசிப் பேச்சு எழவில்லை. அம்சவேணியும் அவனிடம் அதிகம் பேசுவதில்லை.

அடுத்த வாரம் அவனே சித்தூருக்குப் போய் டாக்டர் நாகபூஷணத்தைப் பார்த்தான். அவர் அனுமதி வாங்கி அவனை அதே முற்றத்துக்கு அழைத்துப் போனார். அதே மேசை, அதே குழாய்கள். முனிசாமி இன்னும் உள்ளேதான் இருந்தான். புதிதாகப் பிடிபட்டு வந்திருந்த போராட்டக்காரர்கள் உமாபதியைப் பார்த்ததும் கைதட்டினார்கள்.

"தட்டாதீங்க" என்றான். "எனக்குத்தான் அந்த நோவு இருந்துது. தெரிஞ்சிதான் அன்னிக்குக் கத்தனேன். மானம் பூடும்னு கைய மடக்கிக்கினேன், மூணாவது புள்ளையும் பூட்ச்சி. நோவ மறச்சி வச்சா அது நம்மளோட நிக்காதுபா. ஊட்ல ஒண்ணும் தெரியாம ஒக்காந்துகினு இருக்கறவளயும் அவ வயித்துல இருக்கறதயும்தான் மொதல்ல துன்னும். வெக்கத்த உட்டுட்டுக் கைய நீட்டுங்க."

முனிசாமி எழுந்து, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே மேசைக்கு வந்தான்.

"எடு சார்" என்றான். "என் சம்சாரம் ஆறு மாசம் முழுவாம கீறா."