சோலைராசன் இருக்கிறார் என்பதற்கான சான்று

இருப்புச் சான்றிதழ் தரும் மூன்றாம் பிரிவில் நான் எழுத்தர். ஒருவர் இருக்கிறார் என்று நான் முத்திரை குத்தினால்தான் அவர் இருக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். மறந்தவர்களுக்கு முதலில் நிழல் போகும். பிறகு அவர்கள் கதவைத் தட்டினால் சத்தம் வராது.

எங்கள் அலுவலக நடைக்கூடம் வருகிறவருக்குத் தகுந்தபடி நீளும். மண்ணிலிருந்து அவர் எவ்வளவு எடுத்தாரோ அவ்வளவு நீளம். பால்காரருக்குப் பத்தடி. கிணறு வெட்டுகிறவருக்கு முந்நூறு அடி. சோலைராசன் திங்கட்கிழமை காலையில் வாசலில் நுழைந்தார். என் மேசைக்கு வந்து சேர்ந்தபோது வியாழக்கிழமை.

கிளம்பும்போது அறுபது பேர் கோஷம் போட்டுக்கொண்டு கூட வந்தார்கள். செவ்வாய்க்கிழமை கட்சிக்காரர்கள் திரும்பிப் போனார்கள். புதன்கிழமை உதவியாளர் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். சோலைராசன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தனியாக வந்து நின்றார். கழுத்து மாலையில் நார் மட்டும் இருந்தது.

அவரைத் தெரியாதவர்கள் எங்கள் வட்டத்தில் கிடையாது. பதினாறு வயதில் லாரி கிளீனர். இருபத்தெட்டில் ஒரு பாறையைக் குத்தகைக்கு எடுத்தார். நாற்பதில் எங்கள் பக்கத்தில் ஏழு மலைகள் குறைந்திருந்தன. ஐம்பதில் தேர்தலில் நின்றார். சின்னம் மலை. மலையைப் பார்த்து வெகுநாள் ஆனதால் ஜனங்கள் ஆசையாக ஓட்டுப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை அவர் அமைச்சராகப் பதவி ஏற்கவிருந்தார். அதுவரை ஆண்டுதோறும் ஆள் அனுப்பியே புதுப்பித்து வந்தார்; அமைச்சர் ஆகிறவர் நேரில்தான் வர வேண்டும்.

"நாளைக்குப் பத்து மணிக்குப் பதவியேற்பு தாயி. வெரசா முடிச்சு விடு."

"படிவம் ஏழு?"

"நான் யாருன்னு தெரியலையா?"

"அதைத்தான் படிவத்துல எழுதணும்."

எழுதினார். தம்மிடம் வேலை பார்த்தவர்கள் எல்லார் பெயரையும் படிவம் கேட்டது. நானூற்றுப் பன்னிரண்டு பெயர் எழுதினார். சாயங்காலம் ஆகிவிட்டது. எண்ணிப் பார்த்தேன்.

"ஒரு ஆள் குறையுது."

"யாரு?"

"நீங்கதான் சொல்லணும்."

குறைந்த ஆள் அழகுமலை, என் வீட்டுக்காரர். சோலைராசனின் குவாரியில் பாறைக்குத் துளை போடுகிற வேலை. ஒன்பது ஆண்டுக்கு முன்பு அவர்மேல் கல் விழுந்தது. அப்படி ஒரு ஆளே தன்னிடம் வேலை பார்க்கவில்லை என்று சோலைராசன் போலீசில் சொன்னார். சொன்ன மறுநிமிடம் ரேஷன் கார்டில் அவர் பெயர் இல்லை. எங்கள் கல்யாணப் போட்டோவில் என் பக்கத்தில் ஒரு மாலை மட்டும் அந்தரத்தில் தொங்கியது. கல்லைப் புரட்டிப் பார்த்தார்கள். அடியில் யாரும் இல்லை. அழுவதற்குக்கூட எனக்கு ஆள் இல்லாமல் போயிற்று. அதன்பிறகுதான் பரீட்சை எழுதி இந்தப் பிரிவைக் கேட்டு வாங்கினேன். இரண்டு பதவி உயர்வு வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

சோலைராசன் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நம்ம குவாரி கேட்டுல பதினோரு நாள் நின்னவ நீதான?"

"பேர எழுதுங்க."

பேனாவைத் திறந்தார். 'அழகுமலை, துளை போடுபவர்' என்று எழுதினார். எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன்.

இழுப்பறையில் 'நிராகரிக்கப்பட்டது' முத்திரை இருந்தது. அவருக்காகவே அதற்கு ஏழு ஆண்டுகளாகத் தினமும் மை தடவி வைத்திருந்தேன். எடுத்தேன். அப்போதுதான் விதி நினைவுக்கு வந்தது. இல்லாதவர் கொடுத்த பட்டியல் செல்லாது. இவர் இல்லை என்றால் இவர் எழுதிய அழகுமலையும் இல்லை.

முத்திரையைக் கீழே வைத்தேன். போயும் போயும் இந்த ஆளுக்கு உயிர்ப்பிச்சை போட வேண்டி வந்தது.

"என்ன தாயி யோசிக்கிற?"

"முகவரி எழுதல."

"வீட்டு அட்ரச போடு."

"அது நான் நிரப்புற இடம்."

நிதானமாக நிரப்பினேன். குடைப்பாறைக் குழி, அடித்தட்டு, முந்நூறு அடி ஆழம். அழகுமலைமேல் கல் விழுந்த குவாரி அது. சான்றிதழில் உள்ள முகவரியைத் தவிர வேறெங்கும் யாரும் இருக்க முடியாது. பச்சை முத்திரையைக் குத்தினேன். எதிர் நாற்காலி காலியானது. செருப்பு மட்டும் கிடந்தது. அதைப் பியூன் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பத்து மணிக்கு வேறு ஒருவர் பதவி ஏற்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

மதியம் சாப்பாட்டுப் பையோடு குடைப்பாறைக்குப் போய்க் குழி விளிம்பில் உட்கார்ந்தேன். கீழே அவர் சுண்டுவிரல் அளவில் தெரிந்தார். எங்கோ பாறைக்குள் துளை போடும் சத்தம்.

"தாயி! மேல ஏத்தி விடு! ஒருத்தன் என் தலைக்கு மேலயே ஓட்ட போடுறான். பாற ஆடுது!"

"யாரு?"

"அதான்... அவன்."

"பேரு இல்லாம புகார் எடுக்க முடியாது."

"அழகுமலை!"

"கேக்கல."

"அழகுமலை! அழகுமலை!"

துளை போடும் சத்தம் கொஞ்சம் நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒருவர் திரும்பிப் பார்க்கிற நேரம்தான். பிறகு மறுபடி தொடங்கியது.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.

சாப்பாட்டு இடைவேளை முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது.